திவால் வழக்கில் கடன் விடுவிப்பு: எது போகிறது, எது நிற்கிறது? அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் தனிநபர் திவால் மனு போட்டு, வழக்கு ஒழுங்காக நடந்து முடிந்தால், நீதிமன்றத்திலிருந்து ஒரு தாள் வரும். ‘ஆர்டர் ஆஃப் டிஸ்சார்ஜ்’ என்று தலைப்பு. உங்கள் பெயர், வழக்கு எண், தேதி, விடுவிப்பு வழங்கப்படுகிறது என்று ஒரு வரி, நீதிபதியின் பெயர். மீதியெல்லாம் பொதுவான விளக்கம். எந்தக் கடன் போனது, எவ்வளவு போனது என்று அதில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. கார்டு கம்பெனியின் பெயர்கூட இருக்காது.

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. எல்லாக் கடனும் ஒழிந்தது என்று நினைத்துக் கார் தவணையை நிறுத்திவிட்டு, ஒருநாள் காலையில் வாசலில் காரைக் காணாமல் திகைப்பவர்கள் உண்டு. ஒன்றுமே போகவில்லை போலிருக்கிறது என்று பயந்து, கட்ட வேண்டியதே இல்லாத பாக்கியை வசூல் ஏஜென்சிக்கு மாதாமாதம் கட்டிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் வீண் நஷ்டம்.

ஊரில் ‘ஐ.பி. கொடுத்தவர்’, ‘மஞ்சள் கடுதாசி கொடுத்தவர்’ என்றால் அந்தக் குடும்பமே தலைகுனிந்து நடக்கும். அந்த நினைப்போடு இங்கே வந்தவர்கள் வக்கீலிடம் வாய்விட்டுக் கேட்கவும் கூசுகிறார்கள். அமெரிக்கச் சட்டம் இதை அப்படிப் பார்க்கவில்லை. 1934-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஹண்ட் என்பவர் தன் எதிர்காலச் சம்பளத்தை எழுதிக்கொடுத்து 300 டாலர் கடன் வாங்கியிருந்தார். திவாலில் விடுவிப்புக் கிடைத்த பிறகும் அந்தச் சம்பளத்தின் மேல் தனக்கு உரிமை உண்டு என்றது லோக்கல் லோன் கம்பெனி. நீதிமன்றம் மறுத்துவிட்டது. நேர்மையாக இருந்தும் நிலைமை கைமீறிப் போன கடனாளிக்கு, பழைய கடனின் சுமை இல்லாமல் மறுபடி தொடங்க ஒரு வாய்ப்புத் தருவதுதான் திவால் சட்டத்தின் நோக்கம் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. இன்றைக்கும் அதுதான் அடிப்படை. ஆகவே கூச்சத்தை ஓரம் வைத்துவிட்டு, விவரமாகப் பார்ப்போம்.

படி 1: விடுவிப்பு எதைத் தொடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

விடுவிப்பு கடனை அழிப்பதில்லை. அந்தக் கடனுக்கு நீங்கள் நேரடியாகப் பொறுப்பு என்பதை மட்டும் நீக்குகிறது. கடன் கொடுத்தவர் இனி உங்களிடம் வந்து கேட்கக் கூடாது, கடிதம் போடக் கூடாது, வழக்குப் போடக் கூடாது, சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்று நீதிமன்றம் போடும் நிரந்தரத் தடை அது. திவால் சட்டத்தின் 524-ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. 1991-இல் ஜான்சன் எதிர் ஹோம் ஸ்டேட் பேங்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் தெளிவாக்கியது: ஆளிடமிருந்து வசூலிக்கும் வழி அடைபடுகிறது, அடமானச் சொத்திலிருந்து வசூலிக்கும் வழி திறந்தே இருக்கிறது.

இந்த ஒரு விஷயம் மனதில் நின்றால், இனி வரும் முக்கால்வாசிக் கேள்விகளுக்கு நீங்களே விடை சொல்லிவிடலாம். ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்குக் கிரெடிட் கார்டு பாக்கி 24,000 டாலர். மருத்துவமனை பாக்கி 9,500. கார் கடன் 13,000, ஆனால் இன்று காரை விற்றால் 11,000 தேறும். ஃபெடரல் கல்விக் கடன் 30,000. அக்கா வீட்டுக்காரர் ஜாமீன் கையெழுத்துப் போட்டு வாங்கிய வங்கிக் கடன் 8,000. மாமாவிடம் கைமாத்தாக வாங்கியது 5,000. மொத்தம் 89,500 டாலர்.

இவர் சாப்டர் 7 (திவால் மனுவில் ஒரு வகை, விவரம் படி 2-இல்) மனு போட்டு விடுவிப்பு வாங்கிவிட்டார் என்று வையுங்கள். கார்டு, மருத்துவமனை இரண்டும் போயின. மாமாவின் கைமாத்தும் சட்டப்படி போயிற்று. காருக்கு அவர் சொந்தப் பொறுப்பு இல்லை, ஆனால் கார் மேலான உரிமைப் பிடிப்பு வங்கியிடமே இருக்கிறது. தவணை நின்றால் வங்கி காரை எடுத்துக்கொண்டு போகலாம், ஆனால் விற்றது போகக் குறையும் 2,000 டாலரை இவரிடம் கேட்க முடியாது. வங்கிக் கடனில் இவர் விடுபட்டார், அத்தான் மாட்டிக்கொண்டார். கல்விக் கடன் அப்படியே நிற்கிறது. ஒரே ஒரு உத்தரவு, ஆறு கடனிலும் வேலை செய்கிற விதம் வேறு வேறு.

மாமாவுக்குத் திருப்பித் தர வேண்டும் என்று மனம் சொன்னால் தாராளமாகத் தரலாம், விருப்பப்பட்டுக் கட்டுவதைச் சட்டம் தடுக்கவில்லை. எப்போது தருகிறீர்கள் என்பதில்தான் சிக்கல். அதைப் படி 3-இல் சொல்கிறேன்.

படி 2: எந்த சாப்டர், எப்போது விடுவிப்பு

சாப்டர் 7 என்றால், சட்டம் விலக்கு அளித்த சொத்து போக மீதி ஏதாவது இருந்தால், வழக்கை நிர்வகிக்க நியமிக்கப்படும் டிரஸ்டி அதை விற்றுக் கடன் கொடுத்தவர்களுக்குப் பகிர்ந்து தருவார். சாதாரணக் குடும்பங்களின் பெரும்பாலான வழக்குகளில் விற்பதற்கு ஒன்றும் இருப்பதில்லை. மனுக் கட்டணம் 338 டாலர், தவணையாகக் கட்ட அனுமதி கேட்கலாம். வருமானம் மிகக் குறைவாக இருந்தால் தள்ளுபடியே கேட்கலாம். குடும்ப வருமானம் உங்கள் மாநிலத்தின் இடைநிலை வருமானத்துக்கு மேல் இருந்தால், சாப்டர் 7-க்குத் தகுதி உண்டா என்று தனியாகக் கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். விடுவிப்பு உத்தரவு மனு போட்ட நாளிலிருந்து ஏறக்குறைய 4 மாதத்தில் வந்துவிடும்.

சாப்டர் 13 என்றால், 3 முதல் 5 வருடத் திட்டம். மாதாமாதம் டிரஸ்டியிடம் பணம் கட்டி, கடைசித் தவணை வரை முடித்தால்தான் விடுவிப்பு. கட்டணம் 313 டாலர். வீட்டுக் கடனில் சில மாதம் பாக்கி விழுந்து, வீட்டை இழக்காமல் அதைச் சரிசெய்ய நினைப்பவர்களுக்கு இதுதான் வழி. நடுவில் கடும் நோய் மாதிரி தங்கள் கையில் இல்லாத காரணத்தால் கட்ட முடியாமல் போனால், சில நிபந்தனைகளோடு நீதிமன்றம் முன்கூட்டியே ஒரு விடுவிப்புத் தரலாம். அது வழக்கமானதைவிடக் குறுகியது.

இரண்டிலுமே, மனு போட்ட உடனே ஒரு தற்காலிகத் தடை தானாக வந்துவிடும். வசூல் போன்கள் நிற்க வேண்டும், சம்பளப் பிடித்தம் நிற்க வேண்டும். இந்தத் தடையையே விடுவிப்பு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது வழக்கு நடக்கும்வரை இருக்கும் நிழல்தான்.

குடியுரிமை வேண்டுமா? வேண்டாம். அமெரிக்காவில் வசித்தால், அல்லது இங்கே தொழிலோ சொத்தோ இருந்தால் மனு போடலாம், எச்-1பி விசாவில் இருந்தாலும் சரி. திவால் மனு போட்ட ஒரே காரணத்துக்காக விசா ரத்தாகும் என்று குடியேற்றச் சட்டத்தில் எந்தப் பிரிவும் கிடையாது. மனுவில் பொய் சொல்வது, சொத்தை மறைப்பது, இவை வேறு விஷயம். அவை 5 வருடம்வரை சிறைக்குரிய ஃபெடரல் குற்றங்கள்.

படி 3: மனு போடும் முன் செய்யக் கூடாதவை

விடுவிப்பைக் கெடுத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கெடுத்துக்கொள்கிறார்கள், அதுவும் நல்ல எண்ணத்தில். ‘கார்டு கம்பெனிக்குப் போனால் போகட்டும், மாமா பணத்தையாவது முதலில் கொடுத்துவிடுவோம்’ என்று மனு போடுவதற்கு முன்பே 5,000 டாலரை அனுப்பிவிடுவார்கள். உறவினருக்கு மனுத் தேதிக்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் கொடுத்த பணத்தை, மற்றவர்களை விட்டுவிட்டு ஒருவருக்கு மட்டும் தந்த சலுகையாகக் கருதி, டிரஸ்டி அந்த மாமாவிடமிருந்தே திரும்ப வாங்க முடியும். உதவி செய்தவர் வீட்டுக்கு நோட்டீஸ் போகும் நிலைமையை நீங்களே உண்டாக்கியதாகிவிடும். மனு போட்ட பிறகு, உங்கள் புதுச் சம்பாத்தியத்திலிருந்து கொடுங்கள். மாமாவின் பெயரைக் கடன் பட்டியலில் கட்டாயம் சேருங்கள். வெட்கப்பட்டு விடுவதற்கான இடம் அதுவல்ல.

அடுத்தது, கடைசி நேரச் செலவு. மனுவுக்கு முந்தைய 90 நாளுக்குள் ஒரே கார்டில் 900 டாலருக்கு மேல் ஆடம்பரப் பொருள் வாங்கியிருந்தாலோ, 70 நாளுக்குள் 1,250 டாலருக்கு மேல் ரொக்கம் எடுத்திருந்தாலோ, அது திருப்பித் தரும் எண்ணமில்லாமல் வாங்கியது என்று சட்டமே அனுமானிக்கும். 2025 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள தொகைகள் இவை, மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறும். மனு போட முடிவெடுத்த நாளிலிருந்து கார்டைத் தொடாதீர்கள்.

மூன்றாவது விஷயம் நம்மவர்களுக்கு ரொம்ப முக்கியம். சொத்துப் பட்டியல் என்றால் அமெரிக்காவில் இருப்பது மட்டும் அல்ல. உலகத்தில் எங்கிருந்தாலும், யார் கையில் இருந்தாலும், உங்களுக்குச் சொந்தமானது எல்லாமே. ஊரில் உங்கள் பெயரில் இருக்கும் மனை, அப்பாவோடு கூட்டாகப் பட்டாவில் இருக்கும் நிலம், என்.ஆர்.இ. கணக்கு, லாக்கரில் இருக்கும் நகை, எல்லாவற்றையும் எழுத வேண்டும். ‘அது அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது’ என்று விடுவதுதான் மொத்த விடுவிப்பையும் பணயம் வைக்கிற காரியம். மனு போட்ட 180 நாளுக்குள் யாராவது இறந்து, வாரிசாக உங்களுக்குச் சொத்துச் சேர உரிமை வந்தாலும் அதைத் தெரிவிக்க வேண்டும்.

ஊரில் ஒரு வங்கியில் கடன் இருந்தால் அதையும் பட்டியலில் எழுதுங்கள். ஆனால் அமெரிக்க உத்தரவை இந்திய நீதிமன்றம் தானாகவே பின்பற்றும் என்று எண்ணிவிடாதீர்கள். அப்பாவின் வீட்டுப் பத்திரத்தை வைத்து வாங்கிய கடன் என்றால், அந்த வீட்டின் மேலான அடமானத்தை இந்த உத்தரவு அசைக்காது. இதைத் தனியாக ஒரு வக்கீலிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

படி 4: இரண்டு வகுப்பு, ஒரு கூட்டம்

மனு போடுவதற்கு முந்தைய 180 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு ஒன்றிடம் கடன் ஆலோசனை பெற்றிருக்க வேண்டும். மனு போட்ட பிறகு பண நிர்வாகம் பற்றி இன்னொரு வகுப்பு. இரண்டையும் இணையத்தில் முடிக்கலாம். இந்த இரண்டாவது வகுப்பைத்தான் மறந்துவிடுகிறார்கள். அதன் சான்றிதழ் போய்ச் சேராவிட்டால், எல்லாம் சரியாக இருந்தும் விடுவிப்பு இல்லாமலே வழக்கை மூடிவிடுவார்கள். திறக்க மறுபடி கட்டணம் கட்ட வேண்டும்.

நடுவில் டிரஸ்டி நடத்தும் கூட்டம் ஒன்று உண்டு, 341 கூட்டம் என்பார்கள். சாப்டர் 7-இல் மனுவிலிருந்து 21 முதல் 40 நாளுக்குள் வரும். நீதிபதி இருக்க மாட்டார். சத்தியப் பிரமாணம் வாங்கிக்கொண்டு, பட்டியல் சரியா, எதையாவது விட்டீர்களா, யாருக்காவது பணமோ சொத்தோ மாற்றினீர்களா என்று கேட்பார். பட்டியல் உண்மையாக இருந்தால் பெரும்பாலும் சில நிமிடத்தில் முடிந்துவிடும். இந்தக் கூட்டத்துக்கு முதலில் குறித்த தேதியிலிருந்து 60 நாள், ஆட்சேபம் எழுப்புபவர்களுக்கான கெடு. கெடு தாண்டியதும் உத்தரவு வரும்.

படி 5: விடுவிப்புக்கு அடங்காத கடன்கள்

கிரெடிட் கார்டு, மருத்துவச் செலவு, ஈடில்லாத தனிநபர் கடன், பழைய வாடகை பாக்கி, கரண்ட் பில், கார் ஏலம் போன பிறகு மிஞ்சிய தொகை, இவற்றில் சாதாரணமாகப் பிரச்சினை இல்லை. அடங்காதவைதான் கவனிக்க வேண்டியவை. அவற்றையும் இரண்டு வகையாகப் பிரித்துப் பார்த்தால்தான் சட்டம் புரியும்.

முதல் வகை, யாரும் எதுவும் செய்யாமலே நிற்பவை. குழந்தைப் பராமரிப்புத் தொகை, ஜீவனாம்சம். குற்ற வழக்கில் விதித்த அபராதமும் ஈட்டுத்தொகையும். குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஒருவருக்கு உயிர்ச்சேதமோ காயமோ ஏற்படுத்தியதால் வந்த கடன். கல்விக் கடன். சமீபத்திய வரி. மனு போட்ட பிறகும் வீடு உங்கள் பெயரில் இருக்கும்வரை சேர்ந்துகொண்டே போகும் குடியிருப்புச் சங்கக் கட்டணம்.

வருமான வரி பற்றி ‘வரி ஒருபோதும் போகாது’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வார்கள். அது சரியல்ல. அந்த வருடத்துக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய கெடு முடிந்து 3 வருடம் ஆகியிருக்க வேண்டும், நீங்கள் உண்மையில் தாக்கல் செய்து 2 வருடம் ஆகியிருக்க வேண்டும், வரித்துறை தொகையை நிர்ணயித்து 240 நாள் ஆகியிருக்க வேண்டும், ஏமாற்று வேலை எதுவும் இருக்கக் கூடாது. இத்தனையும் பொருந்தினால் பழைய வருமான வரியும் போகும். கெடு தாண்டித் தாக்கல் செய்த கணக்கு என்றால் சில மாநிலங்களில் சிக்கல் வரும். சில வாரம் பொறுத்து மனு போட்டாலே ஒரு வருடத்து வரி விடுபடும் நிலை இருக்கலாம் என்பதால், தேதிகளை வக்கீலோடு உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். வரியைக் கிரெடிட் கார்டில் கட்டிவிட்டுக் கார்டுக் கடனை விடுவித்துக்கொள்ளலாம் என்ற குறுக்கு வழி சாப்டர் 7-இல் எடுபடாது. போகாத வரியைக் கட்ட வாங்கிய கடனும் போகாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

கல்விக் கடனுக்குக் கதவு முழுக்க மூடவில்லை. திவால் வழக்குக்குள்ளேயே தனி வழக்காகப் போட்டு, கட்டினால் தாங்க முடியாத கஷ்டம் என்று நிரூபிக்க வேண்டும். 1987-இல் வந்த புரூனர் தீர்ப்பின் அளவுகோலைத்தான் பெரும்பாலான நீதிமன்றங்கள் பின்பற்றுகின்றன: இன்றைய வருமானத்தில் குறைந்தபட்ச வாழ்க்கை நடத்த முடியவில்லை, இந்த நிலைமை நீடிக்கும், கட்டுவதற்கு நேர்மையாக முயன்றிருக்கிறார். பல வருடமாக இது கிட்டத்தட்ட எட்டாக்கனியாகவே இருந்தது. 2022 நவம்பரில் நீதித்துறையும் கல்வித்துறையும் ஃபெடரல் கடன்களுக்கு ஒரு புது நடைமுறை கொண்டுவந்தன. வருமானம், செலவு விவரங்களை ஒரு படிவத்தில் உறுதிமொழியோடு தர, தகுதி இருந்தால் அரசுத் தரப்பே எதிர்க்காமல் ஒத்துக்கொள்ளலாம். ‘கல்விக் கடனுக்கு வாய்ப்பே இல்லை’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும் வக்கீல் கிடைத்தால், என் கருத்தில் இன்னொருவரிடமும் கேட்டுவிடுவது நல்லது.

இரண்டாவது வகை, கடன் கொடுத்தவர் எழுந்து வந்து ஆட்சேபித்தால் மட்டும் நிற்பவை. பொய்க்கணக்குக் காட்டி வாங்கிய கடன், நம்பிக்கை மோசடி, வேண்டுமென்றே பிறருக்குச் செய்த கேடு. அந்த 60 நாள் கெடுவுக்குள் அவர் தனி வழக்குப் போட்டு ஜெயிக்க வேண்டும். போடாவிட்டால் இவையும் விடுவிப்பில் கரைந்துவிடும். அதனால்தான் பட்டியலில் ஒருவரை வேண்டுமென்றே விடுவது இரட்டைத் தவறு. சேதி தெரியாதவருக்குக் கெடு பொருந்தாது, அந்தக் கடன் உங்களோடே வரும். பகிர்வதற்குச் சொத்தே இல்லாத வழக்கில் தெரியாமல் விட்டுப்போன சாதாரணக் கடனைப் பல நீதிமன்றங்கள் விடுவிக்கப்பட்டதாகவே எடுத்துக்கொள்கின்றன. ஆனால் அதை நம்பி யாரும் பட்டியல் எழுத வேண்டாம்.

கணவனும் மனைவியும் சேர்ந்து தொழில் செய்பவர்கள் 2023-இல் வந்த பார்டன்வெர்ஃபர் எதிர் பக்லி தீர்ப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டைப் புதுப்பித்து விற்றதில் குறைகளை மறைத்தது கணவர். மனைவிக்கு அது தெரியாது என்றே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் தொழில் பங்காளி என்ற முறையில் அவருக்கும் அந்தக் கடனிலிருந்து விடுவிப்பு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது.

சாப்டர் 13-இன் விடுவிப்பு சற்று அகலமானது. விவாகரத்தில் சொத்துப் பிரிப்பாக ஒப்புக்கொண்ட தொகை, போகாத வரியைக் கட்ட வாங்கிய கடன், பார்க்கிங் அபராதம் போன்ற குற்ற வழக்கு சாராத அரசு அபராதங்கள், இவை சாப்டர் 7-இல் நிற்கும், 13-ஐ முழுசாக முடித்தால் போகும். இப்படிப்பட்ட கடன் உங்களிடம் பெரிதாக இருந்தால், எந்த சாப்டர் என்பதையே அது மாற்றிவிடலாம்.

படி 6: காரும் வீடும்

அடமானம் உள்ள பொருளுக்குச் சாப்டர் 7-இல் மூன்று வழி. பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், குறையும் தொகைக்கு நீங்கள் பொறுப்பில்லை. கார் மாதிரியான சொந்த உபயோகப் பொருளை அதன் இன்றைய மதிப்பை ஒரே தொகையாகக் கட்டி மீட்கலாம். நம் கணக்கில் 13,000-க்குப் பதில் 11,000. கையில் மொத்தமாகப் பணம் இருப்பவருக்குத்தான் இது. மூன்றாவது, கடனை மறுபடி ஒப்புக்கொண்டு கையெழுத்திடுவது.

இந்த மூன்றாவதில் நிதானம் வேண்டும். ‘ரீஅஃபர்மேஷன்’ ஒப்பந்தம் என்பார்கள். அதில் கையெழுத்திட்டால் அந்தக் கடனுக்கு விடுவிப்பே நடக்காத மாதிரி. ஆறு மாதம் கழித்து வேலை போய், தவணை நின்று, காரும் போனால், மிச்சத் தொகைக்கு உங்கள் மேல் வழக்குப் போடலாம். எட்டு வருடத்துக்கு இன்னொரு சாப்டர் 7 விடுவிப்பும் கிடைக்காது. காரின் மதிப்பைவிடக் கடன் அதிகம் என்றால் இதில் கையெழுத்திடுவது பெரும்பாலும் நல்ல முடிவல்ல என்றே நான் சொல்வேன். கையெழுத்திட்டுவிட்டு மனம் மாறினால், ஒப்பந்தம் நீதிமன்றத்தில் தாக்கலான 60 நாளுக்குள், அல்லது விடுவிப்பு உத்தரவு வரும்வரை, இரண்டில் எது பிந்தியதோ அதுவரை ரத்து செய்யலாம்.

வீட்டுக்கும் இதே கதை. விடுவிப்புக்குப் பிறகு வீட்டுக் கடனுக்கு நீங்கள் நேரடிப் பொறுப்பில்லை, ஆனால் வீட்டில் இருக்க வேண்டுமென்றால் தவணை கட்டித்தான் ஆக வேண்டும். வழக்கில் தோற்று, தீர்ப்பின் பேரில் வீட்டின் மேல் பதிவான பிடிப்பு இருந்தால் அதுவும் தானாகப் போகாது. விலக்கு பெற்ற வீட்டு மதிப்பை அது பாதிக்கிறது என்று காட்டி, அதை நீக்கத் தனி மனு போட வேண்டும். பல வருடம் கழித்து வீட்டை விற்கப் போகும்போது இது முளைத்துக்கொண்டு வருவது சகஜம்.

படி 7: ஜாமீன் போட்டவரிடம் முன்பே பேசுங்கள்

உங்கள் விடுவிப்பு உங்களுக்கு மட்டும். அத்தானுக்கு அது ஒரு பைசாவும் குறைக்காது. சாப்டர் 7 போட்டால் வங்கி உடனே அவர் பக்கம் திரும்பலாம். சாப்டர் 13-இல் சொந்தச் செலவுக்காக வாங்கிய கடன் என்றால், திட்டம் நடக்கும்வரை கூட்டுக் கடனாளியையும் பாதுகாக்கும் தடை ஒன்று உண்டு. திட்டத்தில் அந்தக் கடனை முழுசாகக் கட்ட ஒப்புக்கொண்டால் அவர் தப்பிக்கலாம். எப்படியானாலும், வசூல் கடிதத்தைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள். மனு போடும் முன் போனை எடுத்துச் சொல்லிவிடுங்கள்.

படி 8: வழக்கு முடிந்ததும் என்ன வந்தது என்று பாருங்கள்

நீதிமன்றத்திலிருந்து வரும் தாளில் எது எழுதியிருக்கிறது என்று கவனியுங்கள். வழக்கு தள்ளுபடி என்றால் விடுவிப்பு இல்லை, எல்லாக் கடனும் பழையபடி உயிரோடு இருக்கும். வழக்கு மூடப்பட்டது என்றால் நிர்வாக வேலை முடிந்தது, அவ்வளவுதான். விடுவிப்பு உத்தரவு தனியாக வந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட மோசமானது விடுவிப்பு மறுக்கப்படுவது. சொத்தை மறைத்தவர், கணக்கை அழித்தவர், பிரமாணத்தில் பொய் சொன்னவர் இங்கே மாட்டுவார். சொத்து டிரஸ்டியிடம் போயிருக்கும், கடன் முழுதும் நிற்கும், அதே கடன்களைப் பின்னால் இன்னொரு சாப்டர் 7 மனுவிலும் விடுவிக்க முடியாது. உத்தரவு வந்த பிறகு மோசடி தெரியவந்தால், ஒரு வருடத்துக்குள் அதை ரத்து செய்யவும் கேட்கலாம்.

படி 9: உத்தரவு கைக்கு வந்த பிறகு

உத்தரவையும், கடன் கொடுத்தவர்கள் பட்டியலையும் ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள். உத்தரவில் கடன்களின் பெயர் இல்லாததால், இரண்டும் சேர்ந்தால்தான் உங்கள் ஆதாரம்.

இரண்டு மூன்று மாதம் கழித்து உங்கள் கடன் வரலாற்றைப் பதிந்துவைக்கும் மூன்று கிரெடிட் நிறுவனங்களின் அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். விடுவிக்கப்பட்ட ஒவ்வொரு கணக்கிலும் பாக்கி பூஜ்யம் என்று இருக்க வேண்டும். ‘பாக்கி உள்ளது’ என்று இருந்தால் எழுத்தில் ஆட்சேபம் அனுப்புங்கள். சாப்டர் 7 வழக்கின் பதிவு 10 வருடம்வரை அறிக்கையில் இருக்கலாம். அதற்காக 10 வருடமும் கடனே கிடைக்காது என்று அர்த்தமில்லை. அரசு காப்புறுதி உள்ள எஃப்.எச்.ஏ. வீட்டுக் கடனுக்குச் சாதாரணமாக விடுவிப்பிலிருந்து 2 வருடம், வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனத்தின் விதிப்படியான கடனுக்கு 4 வருடம் காத்திருக்க வேண்டும். திவால் ஆனதற்காக மட்டும் அரசு உங்களுக்கு வேலையோ உரிமமோ மறுக்கக் கூடாது, தனியார் முதலாளி வேலையிலிருந்து நீக்கவும் கூடாது. ஆனால் புதிதாக வேலைக்கு எடுக்கும்போது தனியார் நிறுவனங்களுக்கு இந்தத் தடை பொருந்தாது என்றே நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன.

ஜனவரி, பிப்ரவரியில் ஏதாவது வங்கியிடமிருந்து, கடன் தள்ளுபடியானதைத் தெரிவிக்கும் 1099-சி வரிப் படிவம் வந்தால் பதற வேண்டாம். தள்ளுபடியான கடனைச் சாதாரணமாக வருமானமாகக் கருதி வரி போடுவார்கள், திவால் வழக்கில் விடுவித்த கடனுக்கு அந்த வரி கிடையாது. படிவம் வந்ததைக் கண்டுகொள்ளாமல் விடாதீர்கள். வரிக் கணக்கோடு படிவம் 982-ஐ இணைத்து, இது திவால் விடுவிப்பு என்று காட்டுங்கள்.

கடைசியாக அந்தப் போன்கள். பழைய கார்டுக் கடனைச் சல்லிக்காசுக்கு வாங்கி வசூலிக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. விடுவிப்பு நடந்தது தெரியாமலோ, தெரிந்தோ, ‘ஒரு சின்னத் தொகையாவது கட்டுங்கள்’ என்பார்கள். கட்டாதீர்கள், வாக்குவாதமும் வேண்டாம். கம்பெனியின் பெயர், முகவரி, பேசிய தேதி, எந்தக் கணக்கு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உத்தரவின் நகல், வழக்கு எண், அந்தக் கடன் இருக்கும் பட்டியல் பக்கம், மூன்றையும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். நிற்காவிட்டால் வக்கீல் மூலம் திவால் நீதிமன்றத்தில் வழக்கை மறுபடி திறந்து அவமதிப்பு மனு போடலாம். தங்கள் செயல் சட்டப்படி சரியாக இருக்கலாம் என்று நினைக்க நியாயமான காரணமே இல்லாத நிலையில் வசூலித்தால் அவமதிப்புக்காகத் தண்டிக்கலாம் என்று 2019-இல் டாகர்ட் எதிர் லோரன்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளவுகோல் வகுத்தது. நஷ்ட ஈடும் வக்கீல் செலவும் அவர்களிடமிருந்தே கேட்கலாம். அந்த மனுவுக்கு நீங்கள் குறித்துவைத்த தேதிகளும் தபால் ரசீதும்தான் சாட்சி, அவற்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.